நாவலோ தன்வரலாறோ படித்த பிறகு நீங்கள் ஏதாவது செய்தது உண்டா?

கோத்தகிரிக்காரி:
ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' படித்தேன். நான் நீலகிரிப் படகர் வீட்டுப் பெண், அதில் வரும் ஹட்டியும் (எங்கள் ஊரை அப்படித்தான் சொல்வோம்) சாமை வயல் தேயிலைத் தோட்டமாக மாறுவதும் எங்கள் பாட்டி சொன்ன கதை மாதிரியே இருந்தது. படித்த வாரமே, நிலத் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாத பெரியப்பா வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள், தகராறு பற்றி யாரும் பேசவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

குன்னூர் வாத்தியார்:
நடந்திருக்கிறது அம்மா. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவரிடம் சேலம் இராமசுவாமி முதலியார் என்ன படித்தீர்கள் என்று கேட்கிறார், இவர் பெரிய பட்டியலே சொல்கிறார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றதும் இல்லை என்கிறார். கோபித்துக்கொண்டு போகாமல் அதன் பிரதியை வாங்கிப் புதிதாகத் தொடங்கினார் பாருங்கள், 1887இல்தான் நூல் அச்சில் வந்தது. அதைப் படித்த பிறகுதான் வகுப்பில் "எனக்குத் தெரியாது, பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

பூம்பாறை மேல்மலை:
சார், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தன்வரலாறு சரி, நாவலில் பாடம் தேடினால் கதை கையில் நிற்காது. அம்மா இறந்துபோன வருஷம், பூண்டு காயப்போட்ட அறையில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக நாவல் படித்தேன். எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. கூட யாரோ இருந்த மாதிரி இருந்தது.

கோத்தகிரிக்காரி:
அண்ணா, அது எந்த நாவல்? எனக்கும் வேண்டும்.