ஃபெஸ்டெடிச் குடும்பம்: ஹங்கேரி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. பாலட்டன் ஏரிக்கரையில் கெஸ்ட்ஹெய் என்ற ஊரில் இருக்கும் ஃபெஸ்டெடிச் அரண்மனை பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1745இல் கட்டத் தொடங்கி, பிறகு 101 அறைகள் வரை வளர்ந்த மாளிகை. ஆனால் என்னை இழுத்தது அறைகள் இல்லை, கியோர்கி ஃபெஸ்டெடிச் என்ற பிரபு. நிலம் வைத்திருப்பவன் விவசாயம் படிக்க வேண்டாமா என்று 1797இல் கியோர்கிகோன் என்ற வேளாண் கல்லூரியையே தொடங்கிவிட்டார்! அரண்மனை நூலகமும் அவர் கட்டியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரபுக்களைப் பற்றி நிறைய கிடைக்கிறது. 1848இல் பண்ணையடிமை முறை ஒழியும்வரை அந்த நிலத்தில் உழைத்த குடியானவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதாவது படித்திருக்கிறீர்களா? அங்கே போய்வந்தவர்கள் யாராவது இருந்தால், நூலகத்துக்குள் படம் எடுக்க விடுகிறார்களா என்றும் சொல்லுங்கள்.