காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்த நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஈரமண்
இங்கிலாந்தில் ஒரு போராட்ட முகாமில் ஏழு மாதம் இருந்தேன். வீடு கட்டப்போகும் நிலம், வெட்டப்போகும் மரங்கள். முகாம் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆணை வந்த காலைதான் என்னை இன்னும் விடவில்லை.

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருவர் சுத்தியலும் முளைக்குச்சிகளுமாக வந்தார். சேற்றில் குச்சி நிற்கவில்லை, சாய்ந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நாலு அடி அடித்தார். அப்புறம் பிளாஸ்டிக் உறையில் இருந்த காகிதத்தை அதில் கட்டினார். அப்போதுதான் படித்தேன். பிரதிவாதி: 'பெயர் தெரியாத நபர்கள்'. எங்களை விரட்டும் காகிதத்துக்கு நானே குச்சி பிடித்திருக்கிறேன். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த குச்சியை நடப் போய்விட்டார்.

இரவுக்காவல்
நான் எதிர்ப்பக்கம் இருந்தவன். கட்டுமானக்காரர்கள் வைத்த காவல் ஆள். எல்லோரையும் வெளியேற்றியதும் கிடந்த பொருள்களைச் சாக்கில் போட்டு எண் எழுதினோம். 14ஆம் சாக்கு என்னுடையது. ஒரு புத்தகத்தின் நடுவே, படித்த இடத்துக்கு அடையாளமாக, மூக்குக் கண்ணாடி இருந்தது. பக்கம் மாறக் கூடாதென்று அப்படியே வைத்தேன். யாரும் வாங்க வரவில்லை. கண்ணாடி இல்லாமல் அவர் என்ன செய்தாரோ என்று இன்றும் நினைக்கிறேன்.

ஈரமண், குச்சி நட்டவர் மேல் கோபம் வேண்டாம். அவருக்கு அது வேலை.

வேலிக்கு வெளியே
'வேலை' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள், இரவுக்காவல். ஜெர்மனியில் ஹம்பாக் காட்டு ஓரத்தில் 2018 செப்டம்பரில் நின்றேன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக அழிக்கவிருந்த காடு அது. போராட்டக்காரர்கள் மரங்களின் மேல் கட்டியிருந்த வீடுகளைப் பிரிக்க அதிகாரிகள் சொன்ன காரணம், அவற்றில் தீப்பாதுகாப்பு இல்லையாம்! அங்கே இறங்கிய ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் அது வேலைதான். செப்டம்பர் 19 அன்று மரங்களுக்கு இடையே கட்டிய பாலத்திலிருந்து விழுந்து ஒரு பத்திரிகையாளர் இறந்தார். அன்று பக்கத்தில் நின்ற பெண் தன் ஹெல்மெட்டைக் கழற்றி, உள்பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 5 அன்று மூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் மரம் வெட்டத் தடை போட்டது. மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்ற கணக்கை என்னால் நிறுத்த முடியவில்லை.

வாய்தா
வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். இப்படி ஒரு வழக்கில் கடைசி வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து தன் பெயரைச் சொன்னாள். நீதிபதி அவளைப் பிரதிவாதியாகச் சேர்த்துப் பத்து நிமிடம் பேசவிட்டார். தோற்றுப்போனாள். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் அந்த அறையில் யாரும் காகிதம் புரட்டவில்லை.

சரி, இது இனி வருபவர்களுக்கு. இங்கிலாந்தில் சுவாதீன ஆணை வேறு, தடையாணை வேறு. சுவாதீன ஆணை என்றால் நிலத்தை உரியவரிடம் ஒப்படைக்க நீதிமன்ற அமீனா வருவார், அவரைத் தடுத்தால் குற்றம். தடையாணை என்றால் இன்னதைச் செய்யாதே என்று நீதிமன்றம் சொல்வது, அதை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, சிறை வரை போகும். எது வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து வரைபடம். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று நடந்து பாருங்கள். முகாமே இல்லாத, தள்ளியிருக்கும் வேறு காடுகளையும் சேர்த்துச் சுவாதீன ஆணை தர முடியாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. அதற்காக, நிலம் வழக்கு போட்டவர்களுக்குச் சொந்தமில்லை என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மான்செஸ்டர் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை வழக்கில், பக்கத்துக் காட்டில் மரம் வெட்ட வெறும் அனுமதி வைத்திருந்த நிறுவனமே சுவாதீன ஆணை வாங்கியது, 1999இல். பெயர் கொடுத்துச் சேர்ந்தால் செலவுத்தொகை உங்கள் தலையில் விழலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஈரமண், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முளைக்குச்சியில் ஒளிபுகும் உறை கட்டுவது அங்கே நடைமுறை விதியிலேயே இருக்கிறது. ஆனால் அது வழக்கு போட்டதைத் தெரிவிக்கும் முறை. வீடு அல்லாத நிலம் என்றால், விசாரணைக்கு முன் இரண்டு முழு நாள் அவகாசம் தர வேண்டும். நீங்கள் பிடித்த குச்சியில் இருந்தது ஆணையாக இருக்காது என்று நினைக்கிறேன். விசாரணைக்கு வரச்சொல்லும் அழைப்பாக இருந்திருக்கும். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறதா?

ஈரமண்
இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். மழை இறங்கி ஓரம் பழுத்திருக்கிறது. நீங்கள் சொன்னது சரி. முதல் பக்கத்திலேயே விசாரணை நாள், நேரம், நீதிமன்ற முகவரி எல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை. 'பெயர் தெரியாத நபர்கள்' என்ற வரியோடு நான் நிறுத்திவிட்டேன், கீழே படிக்கவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருபது பேரும் முகாமிலேயே இருந்தோம், தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிக்கொண்டு.