காஞ்சிப் பட்டில் தைத்த கோட்டு: ஆபீசுக்கு எதோடு போடுவது?

செங்காங்வாசி:
அம்மாவின் பழைய காஞ்சிப் பட்டுச் சேலை மடிப்புகளில் விட்டுப்போக ஆரம்பித்தது. நன்றாக இருந்த பகுதியை மட்டும் எடுத்து, தேக்கா சென்டர் மேல்மாடியில் கொடுத்து இடுப்பளவுக் கோட்டாகத் தைத்துக்கொண்டேன். உடல் மாம்பழ மஞ்சள். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் நாலு விரல் அகலத்துக்கு அரக்குக் கரை, அதில் சரிகை. தீபாவளிக்கு மட்டும் என்று பூட்டி வைக்க மனமில்லை, ராஃபிள்ஸ் பிளேஸ் ஆபீசுக்கே போட ஆசை. பளீர் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டையோடு போட்டால் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்பவள் மாதிரி இருக்கிறது. மற்றதெல்லாம் எளிமைதானே, எங்கே இடிக்கிறது?

ஈசூன் அக்கா:
வெள்ளைதான் இடிக்கிறது, தங்கச்சி. பளீர் வெள்ளையில் லேசாக ஒரு நீலம் ஓடும். அதன் பக்கத்தில் சரிகை பித்தளையாகத் தெரியும். பாலேட்டு நிறமோ சந்தன நிறமோ எடுத்துப் பாருங்கள், சரிகை அடங்கிவிடும். கடை விளக்கை நம்ப வேண்டாம், கோட்டைக் கையோடு கொண்டுபோய் வெளி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பும் மஞ்சளைத் தூக்கிக் காட்டும். விருந்துக்குச் சரி, திங்கட்கிழமைக்கு வேண்டாம். கருநீலம் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். இல்லையென்றால் அரக்கை ஒட்டிய காப்பிக்கொட்டை நிறம்.

தையல் தெரிந்தவர்:
நிறம் மட்டுமல்ல. சட்டைக் காலர் மேலே மடிந்து, கரை தொடங்குகிற இடத்தை மறைக்கிறது இல்லையா? கரை கழுத்திலிருந்து ஒரே கோடாக இறங்கினால்தான் அழகு. காலர் இல்லாத வட்டக் கழுத்துச் சட்டை, பொத்தான் வரிசை இல்லாததாகப் போடுங்கள். கோட்டு இடுப்போடு நிற்பதால் கால்சட்டையும் இடுப்பில் ஏறி நிற்க வேண்டும். நடுவில் சட்டை எட்டிப் பார்த்தால் உடம்பு மூன்று துண்டாகத் தெரியும்.

தெம்பனிஸ் அண்ணி:
ஜிமிக்கி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சின்னத் தோடு போதும்.

ஈசூன் அக்கா:
ஜிமிக்கி இல்லாமல் பட்டா? எனக்கு மனசு வராது அண்ணி. ஆனால் ஆபீசுக்கு என்பதால் விட்டுவிடுகிறேன்.

செங்காங்வாசி:
கருநீலக் கால்சட்டை, பாலேட்டு நிற வட்டக் கழுத்துச் சட்டை, பழுப்புத் தோல் செருப்பு. இப்போது கோட்டு கோட்டாகவே தெரிகிறது, நன்றி! ஒரே கவலை, எம்ஆர்டி ரயிலுக்கு நடப்பதற்குள் வியர்த்துக் கொட்டுகிறது.

தையல் தெரிந்தவர்:
அப்படியானால் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். பருத்திப் பையில் தளர்வாக மடித்து எடுத்துப்போய், ஏர்கான் குளிரில் போடுங்கள், அங்கேதான் அது தேவையும்கூட. வியர்வையும் சென்ட்டும் பட்டால் சரிகை கறுக்கும். சென்ட் அடித்து, காய்ந்த பிறகு போடுங்கள். இன்னொன்று, உள்பக்கம் கரையின் ஓரத்தில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். அரக்கு ஒட்டினால் சட்டையிலும் இறங்கும். உள்ளே பருத்தி லைனிங் கொடுத்துவிடலாம். வீட்டில் துவைக்காதீர்கள், டிரை கிளீனிங்தான்.