உதவி: கண்ணாடியில் தெரியும் ஸ்க்ரூ பாதை 4 மி.மீ. தள்ளி நிற்கிறது, அவசரம்

தண்டுவடம்22:
ஏஆர் ஹெட்செட் (நிஜக் காட்சியின் மேல் பிம்பம் காட்டும் கண்ணாடி) போட்டுப் பார்த்தால் முதுகெலும்பில் போடும் பெடிக்கிள் ஸ்க்ரூவுக்கான பாதை எலும்பை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளித் தெரிகிறது. மூன்று முறை ரெஜிஸ்ட்ரேஷன் (சிடி படத்தை நிஜ எலும்போடு பொருத்துவது) செய்தாயிற்று. நாளை செய்து காட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

மில்லிமீட்டர்:
முதலில் ஒன்று சொல்லுங்கள், இது நோயாளியா, மாதிரி எலும்பா? நோயாளி என்றால் இங்கே கேட்கும் நேரமா இது?

கண்ணாடிக்காரன்:
கண் கேலிபரேஷன்தான், அதாவது கண்ணாடியை உங்கள் கண்ணுக்குச் சரியாகப் பொருத்தவில்லை. பந்தயம். ஹோலோலென்ஸ் 2 போன்றவற்றில் பிம்பத்தின் குவியம் 2 மீட்டரில் நிலையாக இருக்கிறது, நம் கையோ அரை மீட்டரில் வேலை செய்கிறது. ஆழம் ஏமாற்றத்தான் செய்யும்.

பழங்கை:
தம்பி, எந்த லெவல் (எந்த முள்ளெலும்பு), ரெஃபரன்ஸ் ஃப்ரேம் (எலும்பின் இருப்பைக் கருவி அறிய அதில் மாட்டும் சட்டம்) எங்கே, சிடி எப்போது எடுத்தது, எதுவும் சொல்லவில்லை. நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? ஸ்க்ரூ எவ்வளவு சரியாக நிற்கிறது என்று மதிப்பிடும் கெர்ட்ஸ்பைன்-ராபின்ஸ் தரவரிசையில், அது எலும்பை விட்டு 2 மி.மீ.க்குள் வெளியேறினால் பி. 4 என்றால் டி. அதையாவது படித்துவிட்டு வாருங்கள்.

தண்டுவடம்22:
மன்னிக்கவும், மாதிரிதான். எலும்புகளுக்கு நடுவில் ரப்பர் டிஸ்க் வைத்தது. ஃப்ரேம் எல்1-ன் (இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு) ஸ்பைனஸ் ப்ராசஸில், அதாவது பின்பக்க முள்ளில். எல்1-ல் சரியாக இருக்கிறது, கீழே ஐந்தாவதான எல்5-ல்தான் 4 மி.மீ.

மில்லிமீட்டர்:
தலையை இடம் வலம் அசைத்தால் விலகல் மாறுகிறதா? மாறினால் கண்ணாடியில் கோளாறு. மாறாவிட்டால் ரெஜிஸ்ட்ரேஷன். பாயின்டர் முனையை எல்5-ல் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துச் சாதாரண நேவிகேஷன் திரையையும் (கருவி முனையை சிடி படத்தின் மேல் காட்டும் திரை) பாருங்கள். அங்கேயும் தள்ளிக் காட்டினால் கண்ணாடி நிரபராதி.

கண்ணாடிக்காரன்:
அதற்கும் முன்னால் கேலிபரேஷன்.

பழங்கை:
இதற்குத்தான் சொல்கிறேன், இந்தக் கண்ணாடியே தேவையில்லை. திரையும் கையும் போதும்.

கண்ணாடிக்காரன்:
திரைக்கும் காயத்துக்கும் இடையே தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வாங்கியவர்களைக் கேளுங்கள் சார். முதுகெலும்பு அறுவைக்கான ஏஆர் கண்ணாடியான எக்ஸ்விஷனுக்கு 2019 டிசம்பரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி வந்துவிட்டது.

பழங்கை:
அனுமதி வேறு, அவசியம் வேறு. பிம்பத்தையே பார்த்துக்கொண்டு அடியில் ரத்தம் கசிவதைக் கவனிக்காமல் விடுவதற்கும் அது வழி செய்யும்.

மில்லிமீட்டர்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தண்டுவடம், சிடி எடுக்கும்போது மாதிரி எப்படிக் கிடந்தது?

தண்டுவடம்22:
மல்லாக்க. இப்போது கவிழ்த்துப் பிடியில் மாட்டியிருக்கிறோம். தலையை அசைத்தாலும் விலகல் மாறவில்லை. திரையிலும் அதே 4.

மில்லிமீட்டர்:
அதேதான். கவிழ்த்ததும் வளைவு மாறிவிட்டது, ஒவ்வொரு முள்ளெலும்பும் தனித்தனியாக நகர்ந்திருக்கும். ஃப்ரேம் எல்1-ன் இருப்பை மட்டும்தான் அறியும், தள்ளிப் போகப் போகப் பிழை கூடும். ஃப்ரேமை எல்4-க்கு மாற்றி, எல்5-ஐ மட்டும் தனியாக ரெஜிஸ்டர் செய்யுங்கள். முடிந்தால் கவிழ்த்த நிலையிலேயே புது ஸ்கேன். மேசையிலேயே ஸ்கேன் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்டுவடம்22:
மாற்றினேன். 1 மி.மீ.க்குள் வந்துவிட்டது. நன்றி, ஓடுகிறேன்.

கண்ணாடிக்காரன்:
கேலிபரேஷனும் செய்தீர்களா?