குற்ற எண்ணா, அப்பா பேரா? உள்ளே இருக்கறவரைத் தேடி மனு பார்ப்பது பற்றி ஒரு சண்டை

வாய்தா_வாத்தியார்:
"பேரும் அப்பா பேரும் இருந்தா போதும், இ-முலாகாத்ல தட்டினா ஆள் எந்த ஜெயில்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்." பக்கத்து இழையில ஒரு மேதை இப்படி எழுதியிருக்கார், அதுக்கு ஒரு கூட்டமே கை தட்டியிருக்கு. அந்தப் படிவத்தை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா? மாநிலத்தை அடுத்து அது கேக்கறதே எந்தச் சிறைன்னுதான். அது மனு பார்க்க, அதாவது சிறையில இருக்கறவரைச் சந்திக்க, இணையத்துல பதிவு பண்ற படிவம். ஆள் எங்கேன்னு தேடிக் கொடுக்கற எந்திரம் இல்ல.

வீட்டாளுங்க முதல்ல கேக்க வேண்டியது மூணு: எந்த ஸ்டேஷன், குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். நம்பர்) என்ன, எந்த வருஷம். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஜனவரியில நம்பர் 1-லிருந்து புதுசா ஓடும். அதனால வெறும் "212"ன்னு சொன்னா எதுக்கும் ஆகாது, மூணும் சேர்ந்தாத்தான் வழக்கு. அது கையில இருந்தா எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டுன்னு தெரியும். ரிமாண்ட் வாரண்ட்ல, அதாவது ஆளைக் காவல்ல வைக்கச் சொல்ற உத்தரவுல, எந்தச் சிறைன்னு கோர்ட்டு எழுதியிருக்கும். குற்ற எண் இல்லாம ஜெயில் ஜெயிலா அலையறவங்க தாராளமா அலையட்டும்.

மனுவாசல்:
வாத்தியார் மறுபடி பாடம் எடுக்க வந்துட்டார். சார், அதே படிவத்துல இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பாருங்க. கைதி பேரு, அப்பா அல்லது கணவர் பேரு, வயசு, பாலினம் கேக்கறான். குற்ற எண்ணுக்கு அங்க ஒரு கட்டம்கூட கிடையாது. ஏன்? சிறைக்காரங்க ஆளைப் பிரிச்சுப் பார்க்கறதே அப்பா பேரை வச்சுத்தான். "முருகன்"னு மனு கொடுத்தா உள்ளே எத்தனை முருகன்னு நினைக்கறீங்க? "முருகன், த/பெ கோவிந்தன்"னு கொடுத்தாத்தான் சரியான ஆளைக் கூப்பிடுவாங்க. குற்ற எண்ணைக் கோர்ட்டு வராண்டாவுல வச்சுக்குங்க.

வாய்தா_வாத்தியார்:
ஆள் எந்தச் சிறைன்னு தெரிஞ்ச பிறகு நடக்கறதைச் சொல்றீங்க. நான் கேக்கறது, எந்தச் சிறைன்னு எப்படித் தெரிஞ்சுது? அப்பா பேரை வச்சா?

கருப்பு_கவுன்:
ரெண்டு பேரும் நடுவுல இருக்கற 24 மணி நேரத்தை விட்டுட்டீங்க. பிடிச்ச உடனே யாரும் ஜெயிலுக்குப் போறதில்ல. பி.என்.எஸ்.எஸ்.னு சொல்ற இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டத்தோட 58-வது பிரிவுப்படி பயண நேரம் நீங்கலா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அந்த நேரத்துல ஜெயில் வாசல்ல போய் நின்னா "அப்படி யாரும் இல்ல"ன்னுதான் பதில் வரும், அது உண்மையும்கூட.

36-வது பிரிவுல கைதுக் குறிப்பாணை எழுதணும். குடும்பத்துல ஒருத்தர் அல்லது அந்தப் பகுதியில மதிக்கத்தக்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும், கைதானவரும் போடணும். 48-வது பிரிவுல, அவர் சொல்ற ஆளுக்கு கைதான விவரமும் எங்க வச்சிருக்காங்கன்னும் உடனே தெரிவிக்கணும். 37-வது பிரிவு பல பேருக்குத் தெரியாது: ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் உதவி சார் ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) பதவிக்குக் குறையாத ஒருத்தர், கைதானவங்க பேரு, முகவரி, குற்றத்தோட தன்மை எல்லாத்தையும் வச்சிருந்து பார்வைக்கு வைக்கணும். 1996-ல டி.கே. பாசு வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் பிறகு சட்டமாச்சு. ஸ்டேஷன்ல "எங்களுக்குத் தெரியாது"ன்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்க. எழுத்துல கேளுங்க, நேரத்தையும் குறிச்சு வைங்க.

மனுவாசல்:
வக்கீல் சார் சொன்ன 37-ல என்ன இருக்கு? பேரு, முகவரி. குற்ற எண்ணுன்னு இருக்கா? நானும் அதைத்தான் சொல்றேன்.

வாய்தா_வாத்தியார்:
"பேரு, முகவரி"ன்னு இருக்கு. அப்பா பேருன்னு இருக்கா? நீங்களே உங்க காலை வாரிக்கிறீங்க.

கடல்தாண்டி:
இவ்வளவு அல்லாடணுமா? அமெரிக்காவுல கூட்டாட்சிச் சிறைகளோட இணையதளத்துல பேரையோ பதிவெண்ணையோ போட்டா ஆள் எந்தச் சிறைன்னு வந்துடும். 1982-லிருந்து உள்ள பதிவுகள் இருக்கு. இங்க மட்டும்தான் குற்ற எண், அப்பா பேருன்னு...

மனுவாசல்:
அண்ணே, அங்கயும் ஆள் இருக்கற இடம் தெரிஞ்சவுடனே உள்ளே விட்டுடுவானா? கைதி முதல்ல உங்க பேரைப் பட்டியல்ல சேர்க்கணும், படிவத்தை உங்களுக்கு அனுப்பணும், நீங்க நிரப்பித் திருப்பி அனுப்பணும், சிறை ஒப்புதல் கொடுக்கணும். அதையும் எழுதுங்க. பாதியை மட்டும் எழுதி ஊரை மட்டம் தட்டாதீங்க.

கடல்தாண்டி:
மட்டம் தட்டலை. உண்மையைச் சொன்னா உறைக்குது.

வாய்தா_வாத்தியார்:
கூட்டாட்சிச் சிறை வேற, அங்க மாநிலச் சிறையும் கவுண்டி ஜெயிலும் வேற. அந்த ஒரே தளத்துல எல்லாரும் இருக்க மாட்டாங்க. அந்த ஊர்க் கதை இங்க வேண்டாம், விஷயத்துக்கு வாங்க.

குற்ற எண் எப்படி வாங்கறதுன்னு தெரியாதவங்களுக்கு: ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். நம்பரைக் கொடுத்து அனுப்பிடுவாங்க. அது புகார் மனு பெற்றதுக்கான ரசீது எண், குற்ற எண் இல்ல. அதை வச்சுக்கிட்டு கோர்ட்டுல தேடறவங்க ஏராளம். முதல் தகவல் அறிக்கையோட எண்தான் குற்ற எண். 2016-ல உச்ச நீதிமன்றம் அறிக்கையை 24 மணி நேரத்துல இணையத்துல ஏத்தணும்னு சொல்லிச்சு. இணைய வசதி இல்லாத இடமா இருந்தா 72 மணி நேரம் வரைக்கும் விலக்கு. போலீஸ் தளத்துல மாவட்டம், ஸ்டேஷன், வருஷம் போட்டுப் பார்க்கலாம். போக்சோ, பாலியல் வழக்கு, தீவிரவாத வழக்கு மாதிரி உணர்வுபூர்வமான வழக்குகள்ல அறிக்கை ஏறாது. அப்ப கோர்ட்டுல நகல் மனு போட்டுத்தான் வாங்கணும்.

மனுவாசல்:
சரி, அறிக்கை கிடைச்சுது. அதுல குற்றவாளி இடத்துல "அடையாளம் தெரியாத நபர்"னு இருந்தா? ஆளை விசாரணையில பிறகு சேர்த்திருந்தா? அறிக்கையை மல்லாத்திப் போட்டுப் பார்த்தாலும் உங்க ஆள் பேரு அதுல இருக்காது. பழைய வழக்குல வாய்தாவுக்குப் போகாம, பிணையில் வர முடியாத பிடிவாரண்ட்ல தூக்கியிருந்தா? அங்க ஓடறது சி.சி. நம்பர், கோர்ட்டு அந்த வழக்குக்குக் கொடுத்த எண். குற்ற எண்ணைத் தேடிக்கிட்டு உக்காந்திருங்க.

வாய்தா_வாத்தியார்:
சி.சி. நம்பர் எதுலேர்ந்து பிறந்துது? குற்றப்பத்திரிகையிலேர்ந்து. குற்றப்பத்திரிகை எதுலேர்ந்து? குற்ற எண்ணிலேர்ந்து. கோர்ட்டு வழக்குகளைத் தேடற இ-கோர்ட்ஸ் தளத்துல ஸ்டேஷனும் குற்ற எண்ணும் வருஷமும் போட்டா சி.சி. நம்பர் வந்து நிக்கும்.

கருப்பு_கவுன்:
குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்குல வரும். தாக்கலாகலைன்னா பெரும்பாலும் வராது. ஜாமீன் மனு ஏதாவது போட்டிருந்தா அது தென்படலாம். "பதிவு இல்லை"ன்னு திரையில வந்தா வழக்கே இல்லைன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க.

மனுவாசல்:
ஆக, நம்பரும் கை விடும்.

வாய்தா_வாத்தியார்:
அப்பா பேரு மட்டும் கை கொடுக்குமா? போலீஸ் "கோவிந்தன்"னு எழுதியிருப்பாங்க, நீங்க ஆதார்ல இருக்கற "கோவிந்தராஜ்"னு போடுவீங்க. சிறைப் பதிவேடு வாரண்ட்டைப் பார்த்து எழுதினது. வாரண்ட்ல தப்புன்னா பதிவேட்டுலயும் தப்பு. இ-முலாகாத்ல ஆங்கிலத்துல அடிக்கறப்ப இன்னொரு கூத்து, ஒரே பேரை நாலு விதமா எழுதலாம். பொருந்தலைன்னா நிராகரிச்சுடுவாங்க. காரணம்கூடத் தெரியாது. "என்கிற" போட்டு பட்டப்பேரோட பதிஞ்சிருந்தா அது வேற. ரிமாண்ட் வாரண்ட்ல எப்படி எழுதியிருக்கோ அப்படியே எழுதணும். வாரண்ட்டைப் பார்க்க என்ன வேணும்? குற்ற எண்!

மல்லிகா_எம்:
ஆம்பளைங்களையே பேசிக்கிட்டிருக்கீங்க. கல்யாணமான பெண்ணா இருந்தா சில பதிவுல "க/பெ"ன்னு கணவர் பேரு, சில பதிவுல அப்பா பேரு. ரெண்டையும் கையில வச்சுக்கணும். பெண்களை ஆண்கள் இருக்கற மத்தியச் சிறையில தேடாதீங்க. புழல், வேலூர், திருச்சி மாதிரி இடங்கள்ல பெண்களுக்குத் தனிச்சிறை இருக்கு. புழல்னு ஒரே பேரா சொல்றாங்களே, அங்கயே தண்டனைக் கைதிகளுக்கு சிறை-1, விசாரணைக் கைதிகளுக்கு சிறை-2, பெண்களுக்குத் தனின்னு இருக்கு. இ-முலாகாத்ல தப்பான சிறையைத் தேர்ந்தெடுத்தா அன்னிக்குப் பொழுது போச்சு.

வாய்தா_வாத்தியார்:
அம்மா சொன்னது சரி. வயசையும் சேர்த்துக்கோங்க. 18-க்குக் கீழேன்னா எந்த ஜெயில்லயும் இருக்கக் கூடாது, கூர்நோக்கு இல்லம், இளைஞர் நீதிக் குழுமம். 18-லிருந்து 21-க்குள்ளன்னா பார்ஸ்டல் பள்ளியையும் (அந்த வயசுக்காரங்களைத் தனியா வைக்கற இடம்) கேட்டுப் பாருங்க. சின்ன வழக்குன்னா கிளைச்சிறையா இருக்கலாம். அதனாலதான் தலையால தண்ணி குடிச்சாவது குற்ற எண்ணை வாங்குங்கன்றேன்.

மனுவாசல்:
வயசு, பாலினம், கணவர் பேரு. இதெல்லாம் நான் முதல்ல சொன்ன படிவத்துல இருக்கற கட்டங்கள். குற்ற எண் எங்க வந்துது? சும்மா எல்லாத்துக்கும் கடைசியில அதை ஒட்ட வைக்கறீங்க.

கடல்தாண்டி:
குண்டர் சட்டத்துல போட்டா ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?

கருப்பு_கவுன்:
நல்ல கேள்வி. 1982-ம் வருஷத்து 14-வது சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ போடற தடுப்புக் காவல் ஆணை அது. பெரும்பாலும் ஏற்கெனவே ரிமாண்ட்ல இருக்கறவர் மேலதான் ஆணை வரும். அதுக்கப்புறம் ஆணை எண்தான் முக்கியம். காவலுக்கான காரணங்களை 5 நாளுக்குள்ள கொடுக்கணும், அந்தக் கட்டை முழுசா பத்திரமா வைங்க. மூல வழக்குல ஜாமீன் கிடைச்சாலும் ஆணை நிக்கற வரை வெளியே வர முடியாது. ஜாமீன் உத்தரவோட வாசல்ல காத்திருந்து பிரயோஜனம் இல்ல.

"தடுப்புக் காவல்னா குடும்பத்தைப் பார்க்க விட மாட்டாங்க"ன்னு ஒரு வதந்தி உண்டு. 1981-ல ஃபிரான்சிஸ் கொராலி முல்லின் வழக்குல, தடுப்புக் காவலில் இருந்தவருக்கு மாசத்துக்கு ஒரே சந்திப்புன்னு இருந்த டெல்லி விதியை உச்ச நீதிமன்றம் தள்ளிச்சு. விசாரணைக் கைதிக்கு வாரத்துக்கு ரெண்டுன்னா இவருக்கும் அதுக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லிச்சு.

வாய்தா_வாத்தியார்:
அந்த ஆணையிலயும் மூல வழக்கோட குற்ற எண் இருக்கும். சொல்லிட்டேன்.

மனுவாசல்:
அப்பா பேரும் இருக்கும். நானும் சொல்லிட்டேன்.

மல்லிகா_எம்:
சண்டை போதும். சிறை மாத்திட்டா என்ன செய்யறது? அதுக்கு ஒருத்தரும் பதில் எழுதலையே.

மனுவாசல்:
பழைய சிறையிலயே கேளுங்க, எங்க மாத்தினாங்கன்னு பதிவேட்டுல இருக்கும். வேற ஊர் வழக்குல கைது காட்டினா பி.டி. வாரண்ட்ல (உள்ளே இருக்கறவரை வேற கோர்ட்டுல ஆஜர்படுத்தச் சொல்ற உத்தரவு) வழிக்காவலோட கூட்டிட்டுப் போவாங்க, அன்னிக்கு மனு பார்க்க முடியாது. வாய்தா அன்னிக்கும் ஆள் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ரிமாண்டை ஒரே தடவையில 15 நாளுக்கு மேல நீட்ட முடியாது, அந்தத் தேதியைக் குறிச்சு வைங்க. நீட்டிப்பு காணொளியிலயே நடந்துட்டா ஆள் உள்ளேயேதான் இருப்பார், ஆனா கூப்பிட நேரமாகும். அரசு விடுமுறை நாள்ல பெரும்பாலும் மனு கிடையாது. முதல் நாளே சிறைக்குப் போன் பண்ணிக் கேளுங்க. அசல் அடையாள அட்டை, ஒரு நகல். செல்போன் உள்ளே போகாது, வெளியே யார்கிட்ட கொடுக்கறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. முக்கியமா, உள்ளே இருக்கறவர் பார்க்க விருப்பமில்லைன்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு வார்டர்கிட்ட மல்லுக்கட்டாதீங்க.

வாய்தா_வாத்தியார்:
போலீஸ் கஸ்டடியை விட்டுட்டீங்களே. இப்ப பி.என்.எஸ்.எஸ். 187-வது பிரிவுல, போலீஸ் கஸ்டடிக்கான 15 நாளை ஒரே மூச்சுல எடுக்கணும்னு இல்ல. வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள்ள துண்டு துண்டாவும் கேக்கலாம். ஜெயில்ல இருந்தவரைத் திடீர்னு காணோம்னா காரணம் அதுவா இருக்கலாம். கோர்ட்டுல கேட்டாத்தான் தெரியும். கோர்ட்டு கிளார்க் என்ன கேப்பார்?

மனுவாசல்:
"அப்பா பேரென்ன?"ன்னு கேப்பார்.

கடல்தாண்டி:
ஆளையே காட்டலைன்னா நேரா ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போட்டா முடிஞ்சுது. எதுக்கு இத்தனை பஞ்சாயத்து?

கருப்பு_கவுன்:
24 மணி நேரம் தாண்டியும் எங்கயும் ஆஜர்படுத்தாம வச்சிருந்தா அது சரியான வழி. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் பண்ணிட்டார்னா பொதுவா அந்த மனு நிக்காது, ஜாமீனுக்குத்தான் போகணும். சினிமா பார்த்து சட்டம் பேசாதீங்க. செலவுக்கு வழியில்லைன்னா சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்க. காவலில் இருக்கறவருக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, 1987-ம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தோட 12-வது பிரிவு.

மனுவாசல்:
இலவச வக்கீலைச் சொன்ன புண்ணியவான் நீங்கதான். மத்தவங்க ஜெயில்ல வக்காலத்து (வக்கீலை நியமிக்கற பத்திரம்) வாங்கறேன்னு சொல்லியே தனியா ஒரு தொகை கறக்கறாங்க.

கருப்பு_கவுன்:
வக்காலத்துல கைதி கையெழுத்துப் போட்டு, சிறை அதிகாரி சான்று செஞ்சு முத்திரை குத்தணும். போக வர ஒரு நாள் போகுது. அதுக்கு யார் கூலி கொடுப்பா?

வாய்தா_வாத்தியார்:
ஜாமீன் மனுவுக்கு ஆஜர் மெமோ, அதாவது நான் ஆஜராகறேன்னு வக்கீல் கொடுக்கற குறிப்பு, போதுமே வக்கீல் சார். வக்காலத்து வரலைன்னு வீட்டாளுங்களை எதுக்குக் காக்க வைக்கறீங்க?

கருப்பு_கவுன்:
அதை எங்க போடலாம், எங்க போட்டா திருப்பி அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க உங்க நம்பரைப் பிடிச்சுக்கிட்டு இருங்க.

மனுவாசல்:
வக்காலத்துல முதல் வரியே "முருகன், த/பெ கோவிந்தன்"னுதான் ஆரம்பிக்குது. பார்த்துக்கோங்க.

வாய்தா_வாத்தியார்:
அதுக்கு மேலே, உச்சியில என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுட்டு வாங்க. நாளைக்கு எழுதறேன், இன்னும் முடியலை.