நார்ஃபோக் கூலிக் குடும்பம்: 1841, 1851, 1861 சென்சஸ் விவரங்கள் ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி:
இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த பண்ணைக் கூலிக் குடும்பம். தகப்பன் வயது 1841-இல் 40, 1851-இல் 54, 1861-இல் 63. பிறந்த ஊர் 1851-இல் ஒன்று, 1861-இல் பக்கத்து ஊர். 1841-இல் 3 வயதிருந்த மகனை 1851-இல் வீட்டில் காணோம். அடக்கப் பதிவேட்டிலும் இல்லை. மனைவிக்குத் தொழிலே எழுதவில்லை. மூன்றும் ஒரே குடும்பம்தானா?

பதில் 1:
வயதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1841-இல் 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 40 என்றால் 40 முதல் 44 வரை. 1851 கணக்கெடுப்பு மார்ச் 30, 1841-இன் கணக்கெடுப்பு ஜூன் 6. ஆக, பத்து ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. 54 வயதுக்காரர் 1841-இல் 44 ஆக இருந்திருப்பார். 1861-இல் ஒரு வயது குறைவதெல்லாம் சகஜம். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் படிவத்தை நிரப்பியதே கணக்கெடுப்பாளர்தான்.

பதில் 2:
மகனுக்கு 1851-இல் 13 வயது. வேலைக்குப் போகிற வயது. அந்த ஊர்ப் பண்ணைக்காரர் வீட்டுப் பட்டியலில் ‘வேலையாள்’ என்ற உறவுக் குறிப்போடு தேடுங்கள். ஆனால் வட இங்கிலாந்தின் யார்க்ஷயர்போல் பண்ணை வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் வழக்கம் நார்ஃபோக்கில் அப்போது வெகுவாகக் குறைந்திருந்தது. அதனால் பாட்டி வீடு, மணமான அக்கா வீடு இரண்டையும் விடாதீர்கள். பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு வயது, பிறந்த ஊர் இரண்டை மட்டும் கொடுங்கள். காதில் விழுந்த உச்சரிப்பையே எழுத்தாக்கியிருப்பார்கள்.

பதில் 3:
மனைவியின் தொழில் காலியாக இருப்பதால் அவள் வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. களை எடுப்பது, கல் பொறுக்குவது, அறுப்பு எல்லாம் பருவ வேலை, பெரும்பாலும் பதிவாகவில்லை. நார்ஃபோக்கில் பெண்களும் பிள்ளைகளும் கும்பல் கும்பலாக வயலுக்குப் போனதால்தான் 1867-இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது.

பிறந்த ஊருக்கு ஞானஸ்நானப் பதிவேடுதான் வழி. தகப்பன் பிறப்பு 1796–98 வாக்கில். 1813-க்கு முந்தைய பதிவேட்டில் அச்சிட்ட கட்டங்கள் இல்லை, பெரும்பாலும் தகப்பனின் தொழிலும் இருக்காது. ஆகவே இரண்டு ஊரையும் பாருங்கள். அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் அவர் தொழிலும் குடியிருந்த ஊரும் இருக்கும். அவற்றை வரிசைப்படுத்தினால் குடும்பம் இடம் மாறிய பாதை தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1841-இல் அதே வீட்டில் 60 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார். தகப்பனின் தாயா?

பதில் 1:
1841-இல் உறவுமுறையே கேட்கவில்லை. முதலில் பெயர்களுக்கு இடப்பக்கம் உள்ள சாய்கோடுகளைப் பாருங்கள்: ஒற்றைக் கோடு ஒரு குடும்பத்தின் முடிவு, இரட்டைக் கோடு கட்டடத்தின் முடிவு. அவருக்கு முன்னால் ஒற்றைக் கோடு இருந்தால் அவர் தனிக் குடித்தனம். இல்லையென்றாலும் 60 என்பது 60–64. தகப்பனுக்கு அப்போது 44 என்றால் அவரை 16–20 வயதில் பெற்றிருக்க வேண்டும். முடியாததல்ல, ஆனால் மனைவி வயதில் இளையவர் என்றால், மனைவியின் தாய் என்று பார்த்தால் கணக்கு இன்னும் எளிதாகப் பொருந்தும். இளைய பிள்ளைகளின் அரசுப் பிறப்புப் பதிவில் தாயின் கன்னிப் பெயர், அதாவது திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், இருக்கும் (இந்தப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது). அதை அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரோடு ஒப்பிடுங்கள்.