செம்மான் கொம்புக்கு ஒரு சொல் (திங்கட்கிழமைக்குள்)

மன்னை ஆசிரியை:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போகிறோம். அதற்கு முன் படிக்க, ஸ்காட்லாந்தின் ரம் தீவுச் செம்மான்களைப் பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது: ஆங்கிலத்தில் ஆண்ட்லர் (antler) என்கிற மான்கொம்புக்குத் தமிழில் என்ன சொல்?

செம்மான் ஆணின் தலையில் இருப்பது முழுக்க எலும்பு. வசந்தத்தில் விழுந்து, புதிது முளைக்கும். கோடையில் மயிரடர்ந்த தோல் போர்த்தி வளரும். தோல் உரிந்ததும் அக்டோபர்ச் சண்டைக்கு ஆயுதம் தயார். ஆடுமாடுகளுக்கு அப்படியில்லை: உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை, ஆயுளுக்கும் ஒரே கொம்பு. கோடியக்கரையில் வெளிமானுக்கு மாட்டு வகை, புள்ளிமானுக்குச் செம்மான் வகை. இரண்டையும் கொம்பு என்றே எழுதினால் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்?

குடந்தை மென்பொருளன்:
ஆண்ட்லர் என்றே போடுங்கள் டீச்சர். பஸ், பேங்க் எல்லாம் புழங்கவில்லையா?

ஐயாற்றுப் புலவர்:
தம்பி, பஸ் நம்மிடம் இல்லாமல் வந்தது. மான் அப்படி வந்ததா? அகநானூற்றில் ‘அறுகோட்டு உழைமான் ஆண்குரல்’ என்று இருக்கிறது. பெண்புலியின் பசிக்காக ஆண்புலி அந்தக் குரலுக்குக் காது கொடுத்து நிற்கிறது. அறு என்றால் அற்று விழுதல், கோடு என்றால் கொம்பு. அறுகோடு! ஈராயிரம் ஆண்டாக ஆயத்தமாக இருக்கும் சொல்.

நாகைத் தமிழன்:
புலவர் ஐயா மன்னிக்கணும். அறுபது, அறுமுகம், அறுகோட்டு. இங்கே அறு என்பது ஆறு. புள்ளிமான் கொம்பில் பக்கத்துக்கு மூன்று முனை, மொத்தம் ஆறு. சங்கப் புலவர் எண்ணிப் பார்த்தே பாடியிருக்கிறார்.

ஐயாற்றுப் புலவர்:
எண்ணிப் பார்க்கப் புலி விடுமா? கோடுதல் என்றால் வளைதல். அதிலிருந்து கோடு, கோடி. கடல் வளைந்து திரும்பும் முனைக்குக் கோடியக்கரை என்ற பெயரும் அப்படி வந்ததுதான். சுந்தரர் அவ்வூர்ச் சிவன் கோடிக்குழகரைப் பாடும்போது…

மன்னை ஆசிரியை:
ஐயா, சுந்தரரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குக் கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுவது. அறுகோடு என்றால் கணக்கு நோட்டைத் திறப்பார்கள்.

குடந்தை மென்பொருளன்:
அப்போ கிளைக்கொம்பு?

வேதை உப்பளத்தான்:
அது எடுபடாது. செம்மான் குட்டிக்கு முதலில் வருவது பெரும்பாலும் கிளையில்லாத ஒற்றைக் குச்சி. கலைக்கொம்பு என்றும் கிளம்பாதீர்கள். வெளிமானிலும் ஆண் கலைதான். அதன் முறுக்குக் கொம்பு விழாது. பனிமானில் (ரெயின்டீர்) பெண்ணுக்கும் கொம்பு உண்டு. நாங்கள் இரண்டையும் கொம்பு என்றுதான் சொல்வோம். கீழே கிடந்தால் விழுந்த கொம்பு. அதுவும் ரொம்ப நாள் கிடக்காது, முள்ளம்பன்றி கடித்துவிடும். டீச்சர், பிள்ளைகள் ஆசையாகப் பைக்குள் போட்டுக்கொள்ளப் போகிறார்கள், ஜாக்கிரதை. சரணாலயத்தில் உதிர்ந்து கிடந்தாலும் எடுத்து வருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குடந்தை மென்பொருளன்:
ரம் தீவில் விழுந்த கொம்பை மான்களே கடிக்குமாம். சுண்ணாம்புச் சத்துக்காகக் கடற்பறவைக் குஞ்சின் தலையைக்கூடத் தின்னும் என்று படித்தேன். சாதுவான மான் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்!

நாகைத் தமிழன்:
உப்பளத்தார் வாயிலேயே சொல் இருக்கிறது. உதிர்க்கொம்பு.

ஐயாற்றுப் புலவர்:
க் எங்கிருந்து வந்தது? வினைத்தொகையில் வலி மிகாது. ஊறுகாய், சுடுசோறு, உதிர்கொம்பு. உதிர்ந்த, உதிர்கின்ற, உதிரும் என்று முக்காலமும் அதில் அடங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உதிர்வது பூவும் இலையும். எலும்பு அற்று விழும்.

குடந்தை மென்பொருளன்:
முடி உதிர்கிறதே ஐயா. எனக்குத் தினமும்.

வேதை உப்பளத்தான்:
உதிர்கொம்புக்கு என் ஓட்டு. தலையில் இருக்கும்போதே உதிர்கொம்பா என்று பையன்கள் கேட்பார்கள். கேட்கட்டும், அதைத்தானே சொல்லித்தரப் போகிறீர்கள்.

நாகைத் தமிழன்:
எனக்கும் சரி. மாட்டு வகைக்கு நிலைகொம்பு. ஆனால் அறு என்பது ஆறுதான். அதில் மாற்றமில்லை.

மன்னை ஆசிரியை:
உதிர்கொம்பு, நிலைகொம்பு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். அந்த மயிர்த்தோலுக்கு வெல்வெட் என்றே எழுதிவிட்டேன். நேரமில்லை, யாரும் தொடங்க வேண்டாம்.

ஐயாற்றுப் புலவர்:
பூந்தோல் இருக்க வெல்வெட்டா? போகட்டும். அறுகோட்டையாவது படத்தின் கீழே அடைப்புக்குறிக்குள் போடுங்கள் அம்மா.

மன்னை ஆசிரியை:
அச்சகத்தில் கேட்டேன் ஐயா. படத்தின் கீழே ஒரு வரிக்குத்தான் இடமாம்.

ஐயாற்றுப் புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். உழை எந்த மான் என்று நாளை தனி இழையில் எழுதுகிறேன்.